மலட்டு மாடு என்று சொல்லும் முன்…

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், கடலூரில் கால்நடைப் பயிற்சி பெற்று வந்த உறுப்பினர்கள் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் ஆறு பேர். ஆறு குழுக்களைச் சேர்ந்தவர்கள். கடலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்துக்குப் போய், கறவை மாடு வளர்ப்பு பற்றிக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். ஆறு பேரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம். மற்ற ஐந்து பேரும் பக்கத்திலேயே நிற்கிறோம், தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவதற்கு!

முதலில் எங்கள் குழுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். அந்த அக்கா இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

குழுக் கடனில் அக்கா ஒரு கலப்பின மாடு வாங்கினார்கள். முதல் கன்றுக்கு நல்ல பால். அதற்குப் பிறகு சினை நிற்கவில்லை. மூன்று தடவை ஊசி போட்டாகிவிட்டது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு மாசம் கழித்து மாடு மறுபடி லேசாகக் கத்தியது. "இதுவும் போச்சு, இது மலட்டு மாடு, தீனிக்குத்தான் கேடு, தள்ளிவிடு" என்று ஊரே சொன்னது. பாலும் வற்றிக்கொண்டே வந்தது. வேறு வழி தெரியாமல், வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே சந்தையில் விற்றுவிட்டார்கள். ஆறு மாசம் கழித்து, வாங்கியவர் வீட்டில் அந்த மாடு கன்று போட்டது! நல்ல கிடாரிக் கன்று.

விற்ற அன்றைக்கே அது மூன்று மாசச் சினை. அக்கா வீட்டில் அது யாருக்கும் தெரியாது. மாடு போனது, கன்று போனது, கடன் மட்டும் அக்காவிடம் நின்றது. குழுக் கூட்டத்தில் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்: "கல்யாணமாகி நாலு வருஷம் புள்ள இல்லாதப்ப என்னையும் இந்த வார்த்தைதான் சொன்னாங்க. அப்பவும் யாரும் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போகல."

நாங்கள் பயிற்சிக்குப் போனது அந்த வார்த்தைக்காகத்தான்.

மாட்டுக்கும் ஒரு காலண்டர் உண்டு

சினை இல்லாத மாடு 21 நாளைக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். 18 நாளிலும் வரலாம், 24 நாளிலும் வரலாம். ஏன் 21 நாள் என்று கேட்டோம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்கள்.

மாட்டின் வயிற்றில் கருப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. பருவம் முடிந்ததும் ஒரு சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வரும். வந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு வளரும். அந்தத் திட்டு ஒரு சுரப்பு நீரை விட்டுக்கொண்டே இருக்கும். 'கருவைத் தாங்கத் தயாராக இரு' என்று கருப்பைக்குச் சொல்லும் நீர் அது. அது இருக்கும்வரை மாடு மறுபடி பருவத்துக்கு வராது.

சுமார் 16, 17 நாளில் கருப்பை பார்க்கும். உள்ளே கரு இருந்தால், அந்தத் துளிக் கரு 'நான் இருக்கிறேன்' என்று தாய்க்கு ஒரு தகவல் கொடுக்கும். திட்டு அப்படியே நிற்கும், சினை தொடரும். கரு இல்லையென்றால் கருப்பையே அந்தத் திட்டைக் கரைத்துவிடும். மறுபடி புது முட்டை வளரும், மாடு மறுபடி கத்தும். அதனால்தான் ஊசி போட்ட 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரை மாட்டை விடாமல் கவனிக்கச் சொல்கிறார்கள்.

ஒரு பருவத்தை நாம் கவனிக்காமல் விட்டால் நட்டம் ஒரு நாள் இல்லை, 21 நாள். ஒரு நாள் தீவனச் செலவு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவம் தவறினால் 2,100 ரூபாய். மூன்று பருவம் தவறினால் 6,300 ரூபாய். இது தீனிக் கணக்கு மட்டும்தான். கன்று தள்ளிப்போவதும், பால் தள்ளிப்போவதும், கடன் தவணை தள்ளிப்போகாமல் நிற்பதும் தனி.

பருவம் அரை நாள்தான்

21 நாளில் மாடு பருவத்தில் இருப்பது 12 மணி முதல் 18 மணி நேரம்தான். பருவம் முடிந்து சுமார் 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வருகிறது. வந்த முட்டை அரை நாள்கூடத் தாங்காது. ஊசியில் போகும் உயிரணுக்கள் ஏறக்குறைய ஒரு நாள் உயிரோடு இருக்கும். ரொம்ப சீக்கிரம் போட்டால் முட்டை வருவதற்குள் உயிரணு செத்துப்போகும். ரொம்பத் தாமதமாகப் போட்டால் முட்டை செத்துப்போயிருக்கும்.

அதனால் கணக்கு எளிமையானது. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி.

இப்போது அக்காவின் மாட்டுக்கு வருவோம். முதல் இரண்டு தடவையும் விடியற்காலை பால் கறக்கும்போதே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. பால் குறைந்திருந்தது, பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கியது. ஆனால் அக்கா போன் பண்ணவில்லை. ஏன் என்று கேட்டோம். "ஆம்பளைங்ககிட்ட இதைப் போயி எப்படிச் சொல்றது, வெக்கமா இருந்துச்சு" என்றார்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து ராத்திரி வந்த பிறகு சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுநாள் மதியம் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டது மறுநாள் சாயங்காலம். அதாவது ஒன்றரை நாள் கழித்து! மூன்றாவது தடவை சாயங்காலம் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பையன் உடனே போன் பண்ணினான், மறுநாள் காலையில் ஊசி. அந்த ஊசிதான் சினையாக நின்றிருக்கிறது.

மாட்டின் மேல் குற்றமே இல்லை, சகோதரிகளே. நம் வெட்கத்தின் விலைதான் அந்த மாடு.

என்னென்ன பார்க்க வேண்டும்?

மாடு அடிக்கடி கத்தும். நிலைகொள்ளாது. சரியாகத் தின்னாது. பால் குறையும். அடிக்கடி மூத்திரம் விடும். வாலைத் தூக்கி வைத்திருக்கும். அறை தடித்துச் சிவந்திருக்கும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவான வழும்பு கயிறாகத் தொங்கும். மற்ற மாட்டின் மேல் ஏறும். எல்லாவற்றையும்விட உறுதியான அறிகுறி, மற்ற மாடு மேலே ஏறும்போது நகராமல் நின்று கொடுப்பது.

கட்டுத்தறியிலேயே கட்டிக் கிடக்கிற மாட்டில் இந்தக் கடைசி அறிகுறியைப் பார்க்க முடியாது. தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் அவிழ்த்துவிடுங்கள். விடியற்காலையிலும், ராத்திரி படுக்கப் போகும் முன்பும் தொழுவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

எருமை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். எருமை சத்தம் போடாமலே பருவத்துக்கு வரும். பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் வரும். கோடைக்காலத்தில் அறிகுறியே தெரியாது. அடிக்கடி மூத்திரம் விடுவதையும் பால் குறைவதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பருவம் முடிந்த ஒன்றிரண்டு நாளில் சில மாடுகளுக்கு அறையில் கொஞ்சம் ரத்தம் தெரியும். "ஐயோ, சினை கலைஞ்சு போச்சு" என்று பயப்படாதீர்கள். சினை நின்றதற்கும் நிற்காததற்கும் அது அடையாளம் இல்லை. பருவம் வந்து முடிந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 16 நாள் கழித்து மாட்டைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

காளைக்குத் தெரிந்த ரகசியம்

அந்தக் காலத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு காளை இருக்கும். பசு மூத்திரம் விட்டதும் அதை முகர்ந்து பார்த்து, மேல் உதட்டைச் சுருட்டி, மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கும். நாமெல்லாம் சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அது வேடிக்கை இல்லை, பரிசோதனை! காளையின் மேல் அண்ணத்தில் வாசனையை அறிகிற ஒரு தனி உறுப்பு இருக்கிறது. அது வழியாக, பசு பருவத்தில் இருக்கிறதா என்று காளை தெரிந்துகொள்கிறது.

அந்த வாசனை என்ன என்று நம் தமிழ்நாட்டிலேயே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோ. அர்ச்சுனன் குழுவினர் பசு, எருமைகளின் மூத்திரத்தைப் பல நாட்கள் சேகரித்துச் சோதித்தார்கள். பருவத்தில் மட்டும் தோன்றுகிற சில பொருட்களைக் கண்டார்கள். பசுவில் 1-அயோடோ அன்டெகேன் என்ற பொருளை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எருமையில் 4-மெத்தில் பீனால் என்ற பொருளைக் கண்டார்கள்.

பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. ஊருக்கு ஊர் காளை இல்லாத இந்தக் காலத்தில், காளை மூக்கால் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க இவ்வளவு ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது. காளை செய்த அந்த வேலையை இப்போது செய்ய வேண்டியது யார்? தினமும் இரண்டு வேளை மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் கறக்கிற நாம்தான். வேறு யாருக்கும் நம்மைவிட முன்னால் தெரியாது.

ஊசியில் என்ன இருக்கிறது?

சினை ஊசி என்று சொல்கிறோமே தவிர, அது மருந்து இல்லை. தேர்ந்தெடுத்த பொலி காளையின் உறைவிந்து. நம் நாட்டில் செயற்கை முறைக் கருவூட்டல் முதன்முதலில் 1939-ல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் நடந்தது. சம்பத் குமாரன் என்பவர் செய்தார். அப்போது விந்தை நீண்ட நாள் வைத்திருக்க வழி தெரியாது. உறைய வைத்தால் உயிரணு செத்துவிடும். 1949-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித் என்ற பெண் விஞ்ஞானி, ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் அதற்கு வழி கண்டார்கள். கிளிசரின் கலந்து உறைய வைத்தால் உயிரணு பிழைக்கும் என்று சேவலின் விந்தில் கண்டுபிடித்தார்கள். கை வெடிப்புக்குத் தடவுகிறோமே, அதே கிளிசரின்தான்!

இன்றைக்கு உதகமண்டலத்திலும், தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையிலும் அரசின் உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. அங்கே குச்சிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் வைத்து நம் ஊர் மருந்தகம் வரை கொண்டுவருகிறார்கள். அந்தக் குளிர் குறைந்துவிட்டால் குச்சி வீண். குச்சியை எடுத்தால் 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து உடனே போட வேண்டும். ஊசி போட வருகிறவருக்கு வெந்நீர் கேட்டால் உடனே கொடுங்கள். மாட்டை நிழலில் கட்டி வையுங்கள். போட்ட பிறகு அடிக்காமல், ஓட்டாமல், வெயிலில் கட்டாமல் வையுங்கள். குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது நம் உரிமை.

பெண் கன்று மட்டும் பிறக்கும் ஊசி பற்றிப் பல பேர் கேட்டீர்கள். பாலினம் பிரித்த உறைவிந்து இப்போது இருக்கிறது. போட்டால் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பெண் கன்றாகப் பிறக்கும். ஆனால் அந்தக் குச்சியில் உயிரணுக்கள் குறைவு. நல்ல உடல் நலமும் சரியான பருவமும் உள்ள மாட்டுக்குத்தான் அது ஏற்றது. சினை நிற்காமல் தவிக்கிற மாட்டுக்கு அதைப் போட்டுப் பணத்தை விடாதீர்கள்.

மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லையா?

பருவம் சரியாக வந்தும், மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால் நான்காவது ஊசிக்கு ஓட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். காரணங்கள் பல. நேரம் தவறியிருக்கலாம். கருப்பையில் புண் இருக்கலாம். வழும்பு தெளிவாக இல்லாமல் கலங்கலாகவோ சீழாகவோ வந்தால் அதுதான் அடையாளம். முட்டை வெளியே வருவது தள்ளிப்போகலாம். கரு உண்டாகி, முதல் சில நாட்களிலேயே சூட்டினாலோ சத்துக் குறைவாலோ அழிந்துபோகலாம். இதில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு.

நம் பகுதிக்கு என்று ஒரு காரணம் இருக்கிறது. தை அறுவடை முடிந்தால் வைக்கோல், ஐப்பசி கார்த்திகை வெள்ளத்திலும் வைக்கோல். காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கம் வெள்ளம் நின்றால் பசும்புல்லே கிடைக்காது. வைக்கோல் வயிற்றை நிரப்பும், சினைப்பையை எழுப்பாது. பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் போன்ற சத்துகள் குறைந்தால் மாடு பருவத்துக்கே வராது. அதற்குத் தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டும். "நாங்க கழுநீர்ல உப்பு போடுறோமே" என்று ஒரு சகோதரி கேட்டார். சமையல் உப்பு வேறு, தாது உப்பு வேறு. வரப்பில் அகத்தி, வேலிமசால், இரண்டு சென்ட் இருந்தால் கோ-4 புல். குடற்புழு மருந்தும் மறக்காதீர்கள்.

கன்று போட்டு 60 நாளுக்கு மேல் ஆனபின் வருகிற பருவத்தில் ஊசி போடலாம். ஊசி போட்டு இரண்டு மூன்று மாசத்தில் கட்டாயம் சினைப் பரிசோதனை. அக்கா வீட்டில் நடக்காமல் போனது இது ஒன்றுதான். சினை மாடுகளில் சிலது நடுவில் பருவம் மாதிரி கத்தும். அதை நம்பி மறுபடி ஊசி போட்டால் நின்ற சினையே கலைந்துபோகலாம். பரிசோதிக்காமல் மறு ஊசியும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம்.

நம் உடம்பையும் காப்பாற்ற வேண்டும்

கன்று போட்ட பின் நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் கல்லையும் செருப்பையும் கட்டித் தொங்கவிடாதீர்கள், கையால் இழுக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

மாடு ஆறு ஏழு மாசத்தில் கன்று வீசினால், அது புருசெல்லா என்கிற கன்று வீச்சு நோயாக இருக்கலாம். இது மனிதர்களுக்கும் ஒட்டும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாசக்கணக்கில் படுத்தும். வீசிய கன்றையும் கொடியையும் வெறும் கையால் தொடுவது பெரும்பாலும் நாம்தான். கையுறை இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காய்ச்சாத பால் குடிக்க வேண்டாம். பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாச வயதுக்குள் வாழ்நாளில் ஒரே முறை தடுப்பூசி போட்டால் போதும். கர்ப்பிணிகள் இந்த ஊசி மருந்தின் அருகிலும், கன்று வீசிய இடத்தின் அருகிலும் போக வேண்டாம்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்

கூட்டமைப்பின் முன் நான்கு கோரிக்கைகள் வைக்கிறோம். ஒன்று, மாட்டுக் கடன் வாங்கும் ஒவ்வொரு உறுப்பினரும் மாட்டுக்கு ஒரு நோட்டு போட வேண்டும். பருவம் வந்த தேதி, நேரம், ஊசி போட்ட நேரம், காளை எண், சினைப் பரிசோதனை, கன்று போட்ட நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு, டாக்டருக்கு நாமே போன் பண்ண வேண்டும். வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. "மாடு பருவத்துக்கு வந்திருக்கு, காலையில அஞ்சு மணிக்குப் பார்த்தேன்" என்று சொல்ல எந்த வெட்கமும் வேண்டாம். மூன்று, குழுக் கடனில் வாங்கிய மாட்டை 'சினை நிக்கல' என்று விற்பதற்கு முன் டாக்டர் பரிசோதித்திருக்க வேண்டும். நான்கு, தாது உப்பைக் குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுக் கூட்டத்தில் இனி மாட்டையும் சரி, மனுஷியையும் சரி, மலடு என்று யாரும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். காரணம் தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது.

அந்த அக்கா இப்போது ஒரு கிடாரி வளர்க்கிறார்கள். அதற்கு நோட்டு போட்டு, தேதி எழுதி, வெட்கத்தை விட்டு அவர்களே போன் பண்ணினார்கள். போன வாரம் அந்த நோட்டை எங்களிடம் காட்டினார்கள். கடைசி வரியில் டாக்டர் எழுதியிருந்தார்: 'சினை, மூன்று மாதம்.'